வரப்பின் மேல் மவுஸ்: வயல் அளக்கும் நிரல் ஒன்றைச் செய்து முடித்த பதிவு

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் சித்தப்பா பயிரிடும் நிலத்தின் ஒவ்வொரு வயலையும் வரைபடத்தின் மேல் மவுஸால் குறித்து, அதன் பரப்பை மா, குழிக் கணக்கில் சொல்லும் சிறிய நிரல் ஒன்று இந்தக் கோடையில் நிலைபெற்றுவிட்டது. அந்த நிரலில் பரப்புக் கணக்கு என்று சொல்லத்தக்க பகுதி இருபது வரிகளைத் தாண்டாது. எஞ்சிய உழைப்பு முழுவதும், ஒருவர் மவுஸின் பொத்தானை அழுத்தி விடும் அந்தச் சிறு செயலை நிரல் சரியாகப் புரிந்துகொள்ளச் செய்வதற்கே செலவாயிற்று. டெஸ்க்டாப் நிரல் எழுதும் மற்றவர்களுக்கும், குறிப்பாகத் தாம் பயன்படுத்துவதற்கன்றித் தம் வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்துவதற்காக எழுதுபவர்களுக்கும் இது உதவும் என்பதால், நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் தேவையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் கூலி மாவுக்கு இவ்வளவு என்றே பேசப்படுகிறது. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும் (ஓர் ஏர் 100 சதுர மீட்டர்) தான் இருக்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட சர்வே எண்ணுக்குப் பட்டாவில் 0.54.00 ஹெக்டேர் என்று பதிவாகியிருக்கிறது. அதாவது 54 ஏர், நான்கு மாவுக்குச் சற்று மேல். ஆனால் அந்த ஒரே எண்ணுக்குள் வரப்பு போட்டுப் பிரித்த ஏழு வயல்கள் இருக்கின்றன. அந்த எண்ணுக்குரிய நில அளவைப் படமான புல வரைபடம் வெளி எல்லையை மட்டும் காட்டுமே ஒழிய உள்வரப்புகளைக் காட்டாது. ஒவ்வொரு முறை நடவுக்கு ஆள் விடும்போதும் இந்த வயல் அறுபது குழியா எழுபது குழியா என்ற பேச்சு எழும். "தம்பி, ஏக்கர், ஹெக்டேர் எல்லாம் எனக்கு எதுக்கு? எந்த வயலு எத்தனை மா எத்தனை குழின்னு சொல்லு, போதும்" என்று சித்தப்பா கேட்டதுதான் தொடக்கம். மொபைலின் ஜி.பி.எஸ்ஸை நம்ப முடியவில்லை. இருபது மீட்டர் அகலமுள்ள வயலில் சில மீட்டர் பிழை வந்தால் அந்த அளவால் பயனில்லை. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பது வழக்கம் என்பதால், வயல் காய்ந்து வரப்பு தெளிவாகத் தெரியும் கோடைக்குள் நாடா பிடித்து அளந்துவிட வேண்டியிருந்தது.

30 மீட்டர் ஃபைபர் நாடா ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கி, உள்வரப்புகள் வெளி எல்லையைத் தொடும் இடங்களை அளந்து, புல வரைபடத்தின் அச்சுப் பிரதியில் பென்சிலால் அவற்றைக் குறித்தோம். அந்தத் தாளை அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தேன். ஏ4 தாள் ஆகையால் படம் 1654க்கு 2339 பிக்சல் வந்தது. வரைபடம் 1:1000 அளவுகோலில் இருந்ததால், கணக்குப்படி ஒரு பிக்சல் என்பது நிலத்தில் 12.7 சென்டிமீட்டர். ஆயினும் அச்சிடும்போது தாளுக்கேற்பப் படம் சற்றுச் சுருங்கியிருக்கலாம் என்பதால் அந்தக் கணக்கை நான் பயன்படுத்தவில்லை. நீளம் எழுதப்பட்டிருக்கும் ஓர் எல்லைக்கோட்டின் இரு முனைகளையும் முதலில் கிளிக் செய்யவைத்து, அந்த நீளத்தை மீட்டரில் தட்டச்சு செய்யவைத்து, அதிலிருந்தே ஒரு பிக்சலுக்கு எத்தனை மீட்டர் என்று நிரலைக் கண்டுகொள்ளச் செய்தேன்.

நிரலைப் பைத்தானில், சாளரமும் பொத்தான்களும் அமைக்க உதவும் டிகிண்டர் நூலகம் கொண்டு எழுதினேன். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே டிகிண்டர் கூட வந்துவிடுகிறது. என்னுடைய உபுண்டுவில் அதற்கான தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். ஸ்கேன் படம் ஜேபெக் வடிவில் இருந்ததால் அதைத் திறக்கப் பில்லோ நூலகமும் தேவைப்பட்டது. மாறிகளுக்கும் (மதிப்பைத் தாங்கும் பெயர்கள்) செயற்கூறுகளுக்கும் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகள்) பைத்தான் 3 தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்வதால், பரப்பை மாற்றித் தரும் செயற்கூறுகளுக்குக் குழி, மா என்றே பெயர் வைத்தேன். பின்னர் நிரலைத் திருத்தும்போது அது மனத்துக்கு மிகவும் இசைவாக இருந்தது.

முதல் கட்டம் எளிதாக முடிந்தது. படத்தை டிகிண்டரின் வரைபரப்பான கேன்வாஸில் இட்டு, இடப்பக்கப் பொத்தானை அழுத்தும் நிகழ்வைக் கேன்வாஸுடன் பைண்ட் செய்து, அதாவது பிணைத்து, அழுத்திய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் முந்தைய புள்ளியிலிருந்து ஒரு கோடும் வரையச் செய்தேன். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிகழ்வு தரும் எக்ஸ், ஒய் மதிப்புகள் கண்ணில் படும் சட்டத்தின் மேல் இடது மூலையிலிருந்து எண்ணப்படுபவை. படத்தை ஸ்க்ரோல் செய்த பின் அந்த மதிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால், புள்ளி வேறு வயலில் போய் விழும். கேன்வாஸ்எக்ஸ், கேன்வாஸ்ஒய் என்ற இரண்டு செயற்கூறுகளின் வழியாக அவற்றை மாற்றிய பின்பே பயன்படுத்த வேண்டும்.

வயலை மூடுவதற்கு டபுள் கிளிக் என்று முதலில் வைத்தேன். என் மேசையில் அது ஒழுங்காக வேலை செய்தது. சித்தப்பாவின் கையில் செய்யவில்லை. டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே, இரண்டு அழுத்தங்கள் 500 மில்லிவினாடிக்குள்ளும், சில பிக்சல் தூரத்துக்குள்ளும் நிகழ்ந்தால்தான் அவற்றை டபுள் கிளிக் என்று கொள்கிறது. இந்த அளவு அதற்குள்ளேயே நிலையாக வைக்கப்பட்டிருப்பதால், விண்டோஸின் மவுஸ் அமைப்பில் வேகத்தைக் குறைத்து வைத்தும் பயனில்லை. அழுத்தங்களின் நேரத்தைப் பதிவு செய்து பார்த்தபோது, என் டபுள் கிளிக்கில் இடைவெளி 130 முதல் 180 மில்லிவினாடியாகவும், சித்தப்பாவினுடையதில் 550 முதல் 800 வரையாகவும் இருந்தது. வயலில் மண்வெட்டி பிடிக்கும் கைக்கு அதைவிட வேகம் தேவைப்பட்டதே இல்லை. அந்த வேகத்துக்கு ஏற்ப நிரல்தான் அமைய வேண்டும். மேலும், டபுள் கிளிக்கின் முதல் அழுத்தம் தனி அழுத்தமாகவும் வந்து சேர்வதால், மூடுவதற்கு முன் வேண்டாத ஒரு புள்ளி எப்போதும் கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது. ஆகவே டபுள் கிளிக்கை அடியோடு நீக்கிவிட்டு, மூன்று புள்ளிகளுக்கு மேல் குறித்த பின் முதல் புள்ளிக்கு 10 பிக்சல் அருகில் ஒருமுறை அழுத்தினால் வயல் மூடிக்கொள்ளும்படி மாற்றினேன். திரையில் 'வயலை முடி' என்ற பொத்தானையும் சேர்த்தேன். இரண்டில் எதையும் பயன்படுத்தலாம்.

அடுத்து, தவறான இடத்தில் விழுந்த புள்ளியை இழுத்து நகர்த்தும் வசதி தேவைப்பட்டது. கேன்வாஸில் உள்ள ஒவ்வொரு உருவத்துக்கும் தனியே நிகழ்வைப் பிணைக்க டேக்பைண்ட் என்ற வழி இருக்கிறது. புள்ளிகளுக்கு அதன் மூலம் இழுக்கும் செயலையும், கேன்வாஸ் முழுமைக்கும் பைண்ட் மூலம் புதிய புள்ளி சேர்க்கும் செயலையும் கொடுத்தேன். விளைவு, பழைய புள்ளி ஒன்றைப் பிடித்து இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் புதிய புள்ளி ஒன்றும் முளைத்தது. உருவத்தின் பிணைப்பு முதலில் இயங்கி, அதன் பின் கேன்வாஸின் பிணைப்பும் இயங்குகிறது. முதலாவது செயற்கூறு 'பிரேக்' என்று திருப்பித் தந்தாலும் இரண்டாவது நிற்பதில்லை. இதைச் சுற்றி அடையாள மாறிகளை வைத்துச் சில காலம் சமாளித்தேன். மாறிகள் பெருகப் பெருக எந்த நிகழ்வு எந்த நிலையில் வந்தது என்பதே புலப்படாமல் போயிற்று.

ஆகவே டேக்பைண்ட் முழுவதையும் எடுத்துவிட்டு, கேன்வாஸுக்கு மட்டும் மூன்று பிணைப்புகளை வைத்தேன்: அழுத்தம், அழுத்தியபடி நகர்தல், விடுதல். அழுத்தும்போது எதுவும் செய்யாமல் இடத்தை மட்டும் நினைவில் வைத்து, அந்த இடத்தைச் சுற்றி எட்டுப் பிக்சலுக்குள் ஏதேனும் புள்ளி இருக்கிறதா என்று கேன்வாஸையே கேட்டு, இருந்தால் அதன் எண்ணையும் குறித்துக்கொள்ளும். நகரும்போது, தொடங்கிய இடத்திலிருந்து ஆறு பிக்சல் தாண்டினால்தான் அது இழுவை என்று கொள்ளப்படும். விடும்போதுதான் முடிவு: இழுவையாக மாறியிருந்தால் புள்ளி நகர்ந்த இடத்தில் நிலைக்கும்; மாறாமல் வெற்றிடத்தில் விட்டால் புதிய புள்ளி சேரும்; பழைய புள்ளியின் மேல் விட்டால் அது தேர்வாகும், அது முதல் புள்ளியாக இருந்தால் வயல் மூடும். மூன்று செயற்கூறுகளும் 'நிலை' என்ற ஒரே மாறியைப் பார்த்தே நடக்கின்றன. இந்த மாற்றத்துக்குப் பின் நிரலின் நீளம் குறைந்தது. பிழையைத் தேடும் இடமும் ஒன்றாயிற்று.

அந்த ஆறு பிக்சல் எல்லை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சித்தப்பா அழுத்தி விடும் நேரத்துக்குள் மவுஸ் மூன்று நான்கு பிக்சல் நகர்ந்துவிடுகிறது. எல்லை இல்லாதபோது ஒவ்வொரு அழுத்தமும் சிறு இழுவையாகக் கருதப்பட்டு, சரியாக வைத்த புள்ளியும் தொட்டவுடன் இடம் மாறியது. படம் முழு அளவில் இருக்கும்போது நான்கு பிக்சல் என்பது அரை மீட்டர். 40 மீட்டர் நீள வரப்பு அரை மீட்டர் தள்ளிப்போனால் 20 சதுர மீட்டர், அதாவது ஒன்றரைக் குழி கூடவோ குறையவோ செய்யும். நடவுக்காரர்களிடம் ஒன்றரைக் குழிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

விடும்போது செயல்படுவது என்ற முடிவுக்குத் திரைப் பொத்தான்களின் இயல்பும் ஒரு காரணம். டிகிண்டரின் பொத்தானுக்குக் கொடுத்த கட்டளை, அதன் மேல் அழுத்தி, அதன் மேலேயே விட்டால்தான் இயங்குகிறது. தவறான பொத்தானை அழுத்திவிட்டோம் என்று உணர்ந்தால், விடாமல் வெளியே நகர்த்தி விட்டுவிடலாம். சித்தப்பா இதை யாரும் சொல்லாமல் தாமாகவே கண்டுகொண்டு பயன்படுத்திக்கொண்டிருந்தார். அதே பழக்கம் கேன்வாஸிலும் செல்லுபடியாக வேண்டும் என்று தோன்றியது. இப்போது புதிய புள்ளி வைக்க அழுத்திய பின் கை இடம் மாறிவிட்டால், சற்றுத் தள்ளி இழுத்து விட்டால் போதும்; புள்ளி சேராது.

விடுதலுக்கு இவ்வளவு பொறுப்பைக் கொடுத்த பிறகு, அது வராமலே போகும் சூழலும் எதிர்ப்பட்டது. இரண்டு வயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் எச்சரிக்கும் பெட்டியை, அழுத்தத்தைக் கவனிக்கும் செயற்கூறுக்குள்ளேயே திறந்திருந்தேன். பெட்டி திறந்துவிட்டதால், கையை எடுத்த நிகழ்வு கேன்வாஸுக்கு வந்து சேரவில்லை. பெட்டியை மூடிய பின்னும் நிரல் இழுவை நடப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தது. இப்போது எந்தப் பெட்டியும் விடுதலுக்குப் பிறகே திறக்கிறது. அத்துடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் 'நிலை' என்ற அந்த மாறி வெறுமையாகிவிடும் என்றும் வைத்தேன். விசை நிகழ்வு கேன்வாஸுக்கு வரவேண்டுமானால் அதற்கு முதலில் ஃபோகஸ், அதாவது விசைகளைப் பெறும் உரிமை, கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்தின் தொடக்கத்திலும் அதைச் செய்துவிடுகிறேன்.

திரைப் பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கும் இரண்டு இடங்கள் மட்டும். கட்டளையாகச் செயற்கூறின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். அடைப்புக்குறியையும் சேர்த்து எழுதினால் சாளரம் திறக்கும்போதே அது ஒருமுறை இயங்கி முடிந்துவிடும், பின்னர் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஏழு வயல்களுக்கு ஏழு பொத்தான்களைச் சுழற்சி ஒன்றில் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் லாம்டா என்ற பெயரில்லாச் சிறு செயற்கூறால் வயல் எண்ணைக் கொடுத்தால், எதை அழுத்தினாலும் ஏழாவது வயலே தேர்வாகும்; எண்ணை லாம்டாவின் இயல்பு மதிப்பாக அப்போதே பிடித்து வைத்தால்தான் ஒவ்வொன்றும் தன் வயலைச் சுட்டும்.

சேமிக்கும் பொத்தானில் மட்டும் சற்று நிற்க வேண்டும். அது வரைபடத்தையும் வயல்களின் பட்டியலையும் சேர்த்து அச்சிடத்தக்க பக்கமாக எழுதுகிறது. சித்தப்பாவின் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் அதற்கு மூன்று நான்கு வினாடி ஆகும். அந்த வேளையில் திரை அசையாது. அசையாததைக் கண்டு மீண்டும் மீண்டும் அழுத்துவது யாருக்கும் இயல்பே. அழுத்தியவை எல்லாம் வரிசையில் காத்திருந்து, முதல் சேமிப்பு முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கி, ஒரே பக்கத்தை நான்கைந்து முறை எழுதிவைத்தன. செயற்கூறின் தொடக்கத்தில் பொத்தானை முடக்கி, இறுதியில் மீண்டும் இயக்கினால் தீரும் என்று எண்ணலாம், தீரவில்லை. காத்திருக்கும் அழுத்தங்களை நிரல் எடுத்துப் பார்ப்பதே செயற்கூறு முடிந்த பிறகுதான். அதற்குள் பொத்தான் மறுபடியும் இயங்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. பொத்தானைத் திரும்ப இயக்கும் வரியை மட்டும், குறித்த நேரம் கழித்து இயக்கும் ஆஃப்டர் என்ற வழியால் 300 மில்லிவினாடி தள்ளி வைத்தேன். முடங்கிய பொத்தானின் மேல் பழைய அழுத்தங்கள் வீணாகித் தீர்ந்த பின் அது உயிர்பெறுகிறது. முடக்கியவுடன் திரையைப் புதுப்பித்து, 'எழுதிக்கொண்டிருக்கிறது' என்ற வாசகத்தையும் காட்டிவிட்டதால் இப்போது மறுமுறை அழுத்துவதே அரிதாகிவிட்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியில் இரண்டு தடைகள் வந்தன. முதலாவது, என் உபுண்டுவில் உருளையைச் சுழற்றினால் அது நான்காம், ஐந்தாம் பொத்தான்களின் அழுத்தமாக வருகிறது. விண்டோஸிலோ மவுஸ்வீல் என்ற தனி நிகழ்வாக, 120இன் மடங்காக வரும் ஒரு மதிப்புடன் வருகிறது. என் கணினியில் சோதித்து அனுப்பிய நிரலில் சித்தப்பாவின் உருளை ஊமையாக இருந்ததற்கு அதுவே காரணம். மூன்று நிகழ்வுகளையும் ஒரே செயற்கூறுக்குப் பிணைத்து, கூட்டலா கழித்தலா என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, நினைவகம். படத்தை நான்கு மடங்காக்கினால் 6616க்கு 9356 பிக்சல். வண்ணப்படம் என்றால் ஏறத்தாழ 186 மெகாபைட். 4 ஜிபி நினைவகமுள்ள பழைய லேப்டாப் திணறியது. மேலும் உருளையை ஒரு சுழற்றுச் சுழற்றினால் ஏழெட்டு நிகழ்வுகள் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் படத்தைப் புதிதாக ஆக்கினால், கை நின்ற பிறகும் திரை ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணில் படும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து அதை மட்டும் பெரிதாக்கியதும், உருளை நிகழ்வு வந்தவுடன் வரையாமல் 40 மில்லிவினாடி காத்திருந்து, அதற்குள் அடுத்தது வந்தால் முந்தையதைக் கைவிட்டுவிட்டு, கடைசியில் ஒருமுறை மட்டும் வரைந்ததும் இதற்குத் தீர்வாயின. புள்ளிகளைத் திரையின் அளவில் வைக்காமல் மூலப்படத்தின் பிக்சலில் வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் பரப்பு மாறுவதில்லை.

எல்லாம் முடிந்தது என்று கொடுத்த பிறகுதான் மிகுந்த நேரம் பிடித்த சிக்கல் வெளிப்பட்டது. "தம்பி, புள்ளிய நீக்கினா ஒருதரத்துல போகமாட்டேங்குது" என்றார் சித்தப்பா. வலப்பக்கப் பொத்தானால் கடைசிப் புள்ளியை நீக்கும் வசதி வைத்திருந்தேன். சில புள்ளிகள் முதல் முறையில் போய்விடுகின்றன, சில போவதில்லை. வேறொரு நாள், புள்ளி ஒன்றை இழுத்தால் அது நகர்ந்தாலும் பழைய இடத்தில் இன்னொன்றை விட்டுவிட்டு, வரப்பில் முள் போலக் கூரிய வளைவு ஒன்று உண்டாயிற்று. அதே நிரல் என் கணினியில் ஒருபோதும் இப்படி நடந்துகொண்டதில்லை. ஆகவே வலப்பக்கப் பொத்தானின் செயற்கூறைத்தான் முதலில் சந்தேகித்தேன், அதில் குற்றமில்லை. சேமித்த கோப்பைத் திறந்து புள்ளிகளின் பட்டியலைப் பார்த்தபோது, சில இடங்களில் ஒரே மதிப்பு அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் இருந்தாலும் பலகோணத்தின் பரப்பு மாறாது. அதனால்தான் விடை எப்போதும் சரியாக வந்து, பிழை இவ்வளவு நாள் மறைந்திருந்தது.

ஒவ்வொரு அழுத்தத்தையும் விடுதலையும் அவற்றின் நேரத்துடன் உரைக்கோப்பில் எழுதும் இரண்டு வரிகளைச் சேர்த்து, சித்தப்பாவிடம் வழக்கம்போல் பயன்படுத்தச் சொன்னேன். நிகழ்வுடன் வரும் டைம் என்ற மதிப்பு மில்லிவினாடியில் இருக்கும். கோப்பைப் பார்த்ததும் காரணம் தெளிந்தது. ஒரு விடுதலுக்குப் பின் 20 முதல் 60 மில்லிவினாடிக்குள் இன்னோர் அழுத்தம் பதிவாகியிருந்தது. மனிதக் கை அவ்வளவு விரைவாக அழுத்தாது. கோளாறு மவுஸில் இருந்தது: உள்ளேயுள்ள மைக்ரோ சுவிட்சின் தொடுமுனை தேய்ந்தோ களிம்பேறியோ, ஒருமுறை அழுத்தினால் இணைப்பு விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டிருந்தது. மவுஸ் இருந்த இடமோ நெல் மூட்டைகள் அடுக்கிய அறை.

மென்பொருளில் முதலில் எழுதிய தடுப்பு, முந்தைய அழுத்தத்திலிருந்து 80 மில்லிவினாடிக்குள் வரும் அழுத்தத்தைப் புறக்கணிப்பது. வெறும் கிளிக்குகளுக்கு அது பெரும்பாலும் உதவியது; இழுவைக்கு உதவவில்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போது சுவிட்ச் ஒரு கணம் விட்டால் நிரலுக்கு விடுதல் வந்துவிடுகிறது. புள்ளி நடுவழியில் நின்றுவிடுகிறது. அழுத்தம் நெடுநேரம் முன்பே நடந்தது ஆகையால், 80 மில்லிவினாடி என்ற சோதனை மீண்டும் வரும் அழுத்தத்தைப் புதிய செயலாகவே கொள்கிறது. நம்பக்கூடாதது அழுத்தம் அன்று, விடுதல் என்பது இங்கேதான் விளங்கியது. விடுதல் வந்தவுடன் எதையும் முடிவு செய்யாமல், ஆஃப்டர் மூலம் 80 மில்லிவினாடி கழித்து முடிவு செய்யச் சொல்லிவைத்தேன். அதற்குள் மீண்டும் அழுத்தம் வந்தால், அந்த ஒத்திவைத்த முடிவை நீக்கிவிட்டு, முந்தைய அழுத்தமே தொடர்வதாகக் கொள்ளும். இந்த ஒரே ஏற்பாடு இரட்டைப் புள்ளியையும், அறுபடும் இழுவையையும் சேர்த்தே தீர்த்தது. முடிவுகள் அனைத்தும் விடுதல் என்ற ஒரே இடத்தில் இருந்ததால்தான் இதைச் சில வரிகளில் செய்ய முடிந்தது. 80 மில்லிவினாடித் தாமதத்தைக் கண் உணர்வதில்லை.

மவுஸையும் பழுது பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த வழுக்குப் பட்டைகளைத் தூக்கினால் அவற்றின் கீழ் திருகுகள் இருக்கின்றன. பலகையில் இடப்பக்க சுவிட்ச் மூன்று கால்களுடன் நிற்கும். 25 வாட் சால்டரிங் அயர்னும் ஈயம் உறிஞ்சும் பம்பும் கொண்டு அதை எடுத்தேன். புதிய சுவிட்ச் கும்பகோணத்துக் கடையில் 15 ரூபாய். புதிது கிடைக்காதவர்கள், குறைவாகத் தேய்ந்திருக்கும் வலப்பக்க சுவிட்சை இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், இரண்டும் ஒரே வகையாக இருந்தால். சூடு நீடித்தால் பலகையின் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு காலுக்கும் சிறிது புதிய ஈயம் சேர்த்து உருக்கி, உடனே உறிஞ்சினேன். மாற்றிய பின் பதிவுக் கோப்பில் அந்தக் குறுகிய இடைவெளிகள் இல்லை. நிரலில் உள்ள தடுப்பை எடுக்கவில்லை. இந்தச் சுவிட்சும் ஒருநாள் தேயும்.

இப்போதைய விடை இது: வெளி எல்லையை மட்டும் நான்கு மடங்கு பெரிதாக்கிக் குறித்தால் 53.8 ஏர் வருகிறது, பட்டாவில் 54. பெரிதாக்காமல் குறித்தபோது 52.6 வந்தது. ஏழு வயல்களையும் வரப்பின் நடுக்கோட்டில் தனித்தனியே குறித்துக் கூட்டினால் 53.6. நடவுக்கு வரப்பு சேராது என்பதால், வரப்பின் அகலத்தைத் தனியே தட்டச்சு செய்து கழிக்கும் கட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். நாடா, அச்சு, ஸ்கேன், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 500 ரூபாய்க்குள் முடிந்தது.

மறுபடி தொடங்கினால், அழுத்தத்தையும் விடுதலையும் நேரத்துடன் எழுதும் பதிவுக் கோப்பை முதல் நாளே நிரலில் வைப்பேன். மேலே சொன்ன சிக்கல்களில் பாதியை அந்தக் கோப்பே காட்டிக் கொடுத்திருக்கும். சோதனையை என் மேசையில் தொடங்காமல், அந்த லேப்டாப்பிலும் அந்த மவுஸிலும் தொடங்குவேன். புள்ளி தேர்வான பின் அம்பு விசைகளால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தும் வசதியை முன்பே சேர்ப்பேன். இப்போது சேர்த்திருக்கிறேன், சித்தப்பா இழுப்பதைவிட அதையே விரும்புகிறார்.

செய்ய வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. அடுத்தடுத்த இரு வயல்கள் ஒரே வரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன; ஆனால் நிரலில் அந்த வரப்பின் மூலை ஒவ்வொரு வயலுக்கும் தனிப் புள்ளியாக இருக்கிறது. ஒன்றை இழுத்தால் மற்றது நிற்கிறது. நடுவில் யாருக்கும் சேராத மெல்லிய கீற்று ஒன்று விழுகிறது. வயல்களின் கூட்டுத்தொகை வெளி எல்லையைவிட 0.2 ஏர் குறைவதற்கு, அதாவது ஒன்றரைக் குழி காணாமல் போவதற்கு, அதுவே காரணமாக இருக்கக்கூடும். மூலைகளைத் தனிப் பட்டியலில் வைத்து, வயல்கள் அவற்றின் எண்களை மட்டும் சுட்டும்படி மாற்ற வேண்டும். அழுத்தம், நகர்வு, விடுதல் ஆகிய மூன்று செயற்கூறுகளிலும் அதற்காகக் கைவைக்க வேண்டியதில்லை, புள்ளியின் எண்ணைத் தேடித் தரும் வரி மட்டும் மாறும்.